பேய் எங்கே என்று கேட்காதீர்கள்

திகில் கதைப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் போட்டி அறிவிப்புகளில் மூன்று விதிகள் மட்டும் மாறுவதே இல்லை. கதை 1,000 சொற்களைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியிலேயே வாசகர் திடுக்கிட வேண்டும். முடிவில் மர்மம் முழுதாக அவிழ வேண்டும். இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “பேய், அமானுஷ்யம், கோதிக் எல்லா வகைக் கதைகளும் வரவேற்கப்படுகின்றன” என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை நம்பிக் கதை அனுப்புகிறவர்களில் நானும் ஒருவர். “நடை நன்றாக இருக்கிறது, ஆனால் பேய் எங்கே?” என்ற குறிப்போடு கதை திரும்பி வரும். எந்தப் போட்டி என்று சொல்லப்போவதில்லை. பலரும் இதையேதான் கேட்கிறார்கள்.

பேய் வந்தே தீர வேண்டும் என்பது பேய்க்கதையின் விதி. கோதிக் என்ற மேற்கத்தியத் திகில் வகையில் பயம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு வீடு இருக்கும். அது யார் யார் கைக்கு எப்படி வந்தது என்பதில் ஏதோ ஓர் அநியாயம் இருக்கும். அதை மூடி மறைக்க ஒருவர், வெளியேற வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்ட இன்னொருவர். இவ்வளவும் அமைந்துவிட்டால் பேய் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

இந்த வகையைத் தொடங்கிவைத்த நாவலிலிருந்தே பார்க்கலாம். ஹொரேஸ் வால்போல் 1764இல் ‘தி காஸில் ஆஃப் ஒட்ராண்டோ’வை வெளியிட்டபோது தன் பெயரைப் போடவில்லை. பழைய இத்தாலிய நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்று கதைகட்டினார். அதில் திருமண நாளன்று ராட்சதத் தலைக்கவசம் ஒன்று விழுந்து மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான், அதுவும் ஆரம்பப் பக்கங்களிலேயே. (உங்கள் முதல் பத்தி விதிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நானே எடுத்துக் கொடுக்கிறேன்.) ஆனால் அந்தத் தலைக்கவசம் ஏன் விழுந்தது? மாப்பிள்ளையின் முப்பாட்டன் உண்மையான உரிமையாளருக்கு விஷம் வைத்து அந்தக் கோட்டையைப் பிடுங்கிக்கொண்டவன். அமானுஷ்யத்தையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரு சொத்துத் தகராறு.

அதற்குப் பிறகு வந்தவர்களும் இந்தத் தடத்தை விடவில்லை. ஆன் ராட்கிளிஃப் 1794இல் எழுதிய ‘உடோல்ஃபோ’ நாவலில் வில்லனுக்கு வேண்டியது மனைவியின் சொத்து. ‘ஜேன் அயர்’ நாவலில் மாடியில் பூட்டிவைக்கப்பட்ட முதல் மனைவியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவள் கொண்டுவந்த 30,000 பவுண்டு வரதட்சணையை யாரும் பேசுவதில்லை. குடும்பச் சொத்து முழுதும் மூத்தவனுக்குப் போய்விட்டதால், இளையவனான அவள் கணவனுக்கு அவன் அப்பா பார்த்து முடித்துவைத்த பணக்காரச் சம்பந்தம் அது. ஜேன் ஆஸ்டின் ராட்கிளிஃப் போன்றவர்களின் நாவல்களைக் கேலி செய்துதான் ‘நார்த்தாங்கர் அபே’ எழுதினார். பழைய அலமாரியில் கிடைக்கும் மர்மக் காகிதச் சுருளை நாயகி நடுங்கிக்கொண்டே எடுக்கிறாள். மெழுகுவர்த்தி வேறு அணைந்துவிடுகிறது. விடிந்ததும் பிரித்துப் பார்த்தால் சலவைக் கணக்கு! ஆனால் அதே வீட்டின் எஜமானர், தான் நினைத்த அளவு அவள் பணக்காரி இல்லை என்று தெரிந்ததுமே அவளைத் துணைக்கு ஆள்கூட இல்லாமல் ஊருக்கு விரட்டுகிறார். கேலி செய்ய வந்தவரும் கடைசியில் சொத்தில்தான் வந்து நிற்கிறார்.

சரி, உங்கள் முதல் பத்தி விதிக்கு வருகிறேன். 1897இல் வந்த ‘டிராகுலா’வின் முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நினைவிருக்கிறதா? ரயில் நேரம். வியன்னாவுக்கு 6.46க்கு வந்திருக்க வேண்டிய ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று ஓர் இளம் வக்கீல் நாட்குறிப்பில் எழுதுகிறான். வழியில் சாப்பிட்ட கோழிக்கறி நன்றாக இருந்ததாம், செய்முறையை வாங்கித் தனக்கு நிச்சயித்த பெண் மீனாவுக்குக் கொடுக்க வேண்டுமாம். உங்கள் மேசைக்கு இது வந்திருந்தால் இரண்டாம் பத்தியைத் தாண்டியிருக்குமா?

அந்த நாவலில் என்னை மிகவும் பயமுறுத்திய இடத்தில் ரத்தமும் இல்லை, பல்லும் இல்லை. டிராகுலா பிரபுவின் கோட்டைக்கு வந்த அந்த வக்கீலுக்கு அங்கே சில நாள் கழிந்திருக்கிறது. வேலைக்காரர்கள் யாரும் கண்ணில் படவில்லை. ஆனால் வேளாவேளைக்குச் சாப்பாடு மேசையில் இருக்கிறது, அறை ஒழுங்காக இருக்கிறது. ஒருநாள் வக்கீல் சத்தமில்லாமல் தன் அறைக்கு வருகிறான். பிரபு, பழம்பெரும் வம்சத்துப் பிரபு, அவனுடைய படுக்கையை விரித்துக்கொண்டிருக்கிறார். பிறகு கதவின் கீல் இடுக்கு வழியாகப் பார்க்கிறான்: அவரே சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கிறார். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. இந்தக் கோட்டையில் வேறு ஆளே இல்லை. அப்படியானால் அன்று இரவு தன்னை ஏற்றிவந்த வண்டிக்காரனும் இவர்தான். கையை உயர்த்தியே ஓநாய்களை அடக்கினானே, அதே வண்டிக்காரன்.

படுக்கை விரிப்பதில் என்ன பயம்? தனியாக வெட்டி எடுத்துப் படித்தால் ஒன்றுமில்லை. ரயில் நேரத்தையும் கோழிக்கறியையும் இத்தனை கவனமாகக் குறித்துவைக்கிற ஆள் என்பதால்தான், வேலைக்காரர்கள் இல்லாததை அவன் கவனிப்பதும் நமக்கு நம்பும்படி இருக்கிறது. முதல் பக்கத்தை வெட்டினால் இந்த இடமும் செத்துவிடும்.

சொல் வரம்பும் இதே கதைதான். சுருக்கம் கோதிக்குக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ (1892) சிறுகதைதான், சுமார் 6,000 சொற்கள். டாக்டர் கணவன் ஓய்வெடுக்கச் சொல்லி மனைவியை மாடி அறையில் வைக்கிறான். ஜன்னலுக்குக் கம்பி, தரையோடு ஆணியடித்த கட்டில், சுவரில் அசிங்கமான மஞ்சள் காகிதம். நடுவில் ஓரிடத்தில் அவள் ஒன்றைக் கவனிக்கிறாள்: சுவரின் அடிப்பக்கத்தில், அறையைச் சுற்றி, திரும்பத் திரும்ப உரசினது போல நீளமாக ஒரு தீற்றல். யார் செய்தார்கள், எதற்காக என்று அவளுக்கே புரியவில்லை. அதோடு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் தரையில் தவழ்ந்து சுற்றும்போது அவள் தோள் அந்தத் தீற்றலில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதை 1,000 சொற்களுக்குள் சுருக்கினால் தீற்றலும் தோளும் அடுத்தடுத்த பத்தியில் வந்து நிற்கும். வாசகர் அந்தத் தீற்றலை மறந்திருக்க வேண்டும். மறப்பதற்குப் பக்கங்கள் வேண்டும்.

மர்மம் அவிழ்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘உடோல்ஃபோ’வில் நாயகி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்பது நாவல் முடியும் தறுவாயில்தான் வருகிறது: மெழுகில் செய்த பிண உருவம். அவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டு மெழுகா என்று எனக்குச் சப்பென்று போனது. ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ (1898) எதையும் அவிழ்க்கவில்லை. அங்கே இருப்பது ஆவிகளா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணின் மனப்பிரமையா என்று நூறு வருடம் தாண்டியும் அடித்துக்கொள்கிறார்கள். எது நிலைத்தது என்று நீங்களே பாருங்கள். ஒன்று மட்டும் ராட்கிளிஃபுக்காகச் சொல்ல வேண்டும். அவர் இறந்த பிறகு 1826இல் வெளியான கட்டுரையில், அச்சம் மனதை விரியவைத்துப் புலன்களை எழுப்புகிறது, அருவருப்பான கோரமோ அவற்றைச் சுருக்கி உறையவைக்கிறது என்று இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். உங்கள் மதிப்பெண் தாளில் ‘திகில்’ என்று ஒரே கட்டம்தான் இருக்கிறது.

அதற்காகக் கோதிக் என்ற பெயரில் வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. மூடுபனி, வௌவால், இடி, சரியாகப் பன்னிரண்டு அடிக்கும் கடிகாரம் என்று சாமான்களை மட்டும் அடுக்கிவைத்த கதைகளைத் தாராளமாகத் தள்ளுங்கள். அவற்றில் வீடு வெறும் அரங்க ஜோடனை. “பேய் எங்கே?” என்பதற்குப் பதிலாக வேறு இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இந்த வீடு இவர் கைக்கு எப்படி வந்தது? உள்ளே இருப்பவர் ஏன் கிளம்பிப் போகவில்லை? இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான கதைகள் கவிழும். கதவு பூட்டியிருக்கிறது என்பது சோம்பேறித்தனமான பதில். போக இடமில்லை, கையில் காசில்லை, போனால் யாரும் நம்பமாட்டார்கள், அல்லது போகவே மனசில்லை. இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் அந்தக் கதையை முழுதாகப் படியுங்கள். 1938இல் வந்த ‘ரெபெக்கா’வில் ஆவி என்று எதுவும் கிடையாது. இரண்டாம் மனைவி இரவல் மழைக்கோட்டின் பையில் கைவிடுகிறாள், செத்துப்போன முதல் மனைவியின் கைக்குட்டை வருகிறது, அதில் லிப்ஸ்டிக் கறை. அந்த வீட்டுக்கு அதற்கு மேல் பேய் எதற்கு?

ஆகவே, அடுத்த அறிவிப்பில் கோதிக் என்ற சொல்லைச் சேர்ப்பதாக இருந்தால், அந்தப் பிரிவுக்கு மட்டுமாவது வரம்பை 6,000 சொற்களாக்குங்கள். முதல் பத்தி விதியையும் முடிவு விதியையும் எடுத்துவிடுங்கள். படிக்க ஆள் போதாது, நேரமில்லை என்றால், முதல் 1,500 சொற்களை மட்டும் வாங்கிப் படித்து, பிடித்த கதைகளுக்கு மட்டும் மீதியைக் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் கோதிக் என்ற சொல்லை அறிவிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் போட்டிகளுக்குத் தொடர்ந்து கதை அனுப்பும் ஒருவர்