கறுப்பு வில்லைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் ஆய்வறிக்கையைப் போன வாரம் ஒப்படைத்துவிட்டோம். அதில் நன்றியுரைக்கு ஒதுக்கிய இடம் ஐந்து வரி. பேராசிரியர், துறை, நிதியுதவி என்று எழுதியதுமே அந்த ஐந்து வரியும் தீர்ந்துபோயிற்று. ஆனால் எங்கள் மூவரையும் கரை சேர்த்தவர்களில் பலர் அந்த வரிகளுக்குள் வரவே இல்லை. அவர்களில் பாதிப்பேருக்கு வீட்டில் பேசும் மொழி தமிழ். அதனால்தான் இந்த மடல் தமிழில். மற்றவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

என்ன செய்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செம்புக் கம்பியில் மின்சாரம் போகும்போது கொஞ்சம் சூடாகும். அந்தச் சூடு வீணாய்ப் போகிற மின்சாரம். மீக்கடத்தி என்ற வகைப் பொருளைப் போதுமான அளவு குளிரவைத்தால் அந்த இழப்பே கிடையாது. 1911-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஒன்னஸ், பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியசில், இல்லாமல் போவதைக் கண்டார். அவ்வளவு குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். விலையும் அதிகம், கையாளுவதும் கடினம். 1986-இல் பெட்னோர்ஸும் முல்லரும் செம்பு கலந்த ஒரு பீங்கான் வகைப் பொருளில் இதைவிட மிக உயர்ந்த வெப்பநிலையிலேயே மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு ஆண்டே இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த பொருள் 93 கெல்வினில் மீக்கடத்தியானது. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். அதில் முக்கினாலே அந்தப் பொருள் மீக்கடத்தியாகும் அளவுக்குக் குளிர்ந்துவிடும். இடையில் 16 கெல்வின் மிச்சம் இருக்கிறது. அந்த 16 கெல்வின் இருப்பதால்தான் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேர் இதைக் கையால் செய்து பார்க்க முடிந்தது.

நாங்கள் செய்தது அந்த இட்ரியம் வகையைத்தான். ஏழு மாதத்தில் ஆறு வில்லைகள், அதாவது பொடியை அழுத்திச் சுட்ட சிறு வட்டுகள். ஆறாவதுதான் தேறியது. அந்த ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நின்றவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் ஆய்வக அலுவலர். முப்பது வருடமாக அதே மாடியில் இருப்பவர். நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் இட்ரியம் ஆக்சைடு 1.13 கிராம், பேரியம் கார்பனேட் 3.95 கிராம், காப்பர் ஆக்சைடு 2.39 கிராம் என்று எழுதிக்கொண்டு போய் நின்றேன். தாளைப் பார்த்தார். மூலக்கூறு எடையிலிருந்து மறுபடி கணக்குப் போடச் சொன்னார். சரியாக வந்த பிறகுதான் தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். பேரியம் கார்பனேட் நச்சு. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அந்தப் புட்டியின் பக்கத்தில்கூட விடமாட்டார். அப்புறம் அகேட் என்னும் கடினக் கல்லால் ஆன கல்வத்தில் அரைக்க உட்கார்ந்தோம். வெள்ளைப் பொடி இரண்டு, கறுப்புப் பொடி ஒன்று. பத்து நிமிடத்தில் சாம்பல் நிறம் வந்துவிட்டது, போதும் என்று நினைத்தேன். அவர் பொடியைக் கரண்டி முதுகால் மெல்லத் தேய்த்துக் காட்டினார். உள்ளே வெள்ளைக் கீற்றுகள் இருந்தன.

“கை வலிச்சா நிறுத்தக் கூடாதும்மா. வெள்ளை தெரியாமப் போனாத்தான் நிறுத்தணும்.”

அன்றைக்கு மூவரும் மாற்றி மாற்றி ஒன்றேகால் மணி நேரம் அரைத்தோம்.

அப்படியும் முதல் வில்லை உலையிலிருந்து பச்சையாக வந்தது. கறுப்பாக வரவேண்டியது பச்சையாக வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த வழியாகப் போன ஆராய்ச்சி மாணவி அக்கா (திருநெல்வேலிக்காரர், முனைவர் பட்டத்துக்காக இங்கே சிங்கப்பூருக்கு வந்திருப்பவர்) ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: “இது இருநூத்திப் பதினொண்ணு.” இட்ரியம் இரண்டு, பேரியம் ஒன்று, செம்பு ஒன்று. மின்சாரத்தையே கடத்தாத சேர்மம். நாங்கள் தேடியதோ ஒன்று, இரண்டு, மூன்று. கலவை முழுதாக வினைபுரியவில்லை, கார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு முழுதாக வெளியேற வேண்டும், அதனால் சுட்டு, எடுத்து அரைத்து, மறுபடி சுடு என்றார். தன் ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருந்தவர் அவர். எங்களுக்காக, உள்ளே என்ன படிகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-கதிர்க் கருவியில் தனக்குக் கிடைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தார். அக்கா, அதை நாங்கள் மறக்கமாட்டோம்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வில்லைகள் நல்ல கறுப்பு. எக்ஸ்-கதிர்ப் படத்திலும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆனால் திரவ நைட்ரஜனில் முக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. மீக்கடத்தியாகியிருந்தால் மேலே வைத்த காந்தம் மிதக்கவேண்டும். எங்கள் காந்தம் கல்லின் மேல் வைத்ததுபோலக் கிடந்தது. தவறு என்னுடையது. ஈசூனில் இருக்கும் வீட்டுக்குப் போக, கெண்ட் ரிட்ஜ் நிலையத்தில் ரயில் ஏறி பீஷானில் மாறவேண்டும். இரவு ரயிலுக்கு நேரமாகிறது என்று உலையின் குளிரும் வேகத்தைக் கூட்டி, ஆக்சிஜன் சிலிண்டரையும் மூடிவிட்டுப் போனது நான்தான். பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “ஆறும்போது அதற்கு என்ன கிடைத்தது?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் வெண்பலகையில் ஒரு படிகக் கூட்டை வரைந்து, ஒரு மணி நேரம் எங்களோடு நின்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதை நான்கு பருவத் தேர்வுகளிலும் கற்றதில்லை. உலையின் உச்சச் சூட்டில் இந்தப் பொருள் ஆக்சிஜனை விட்டுவிடும். மெதுவாக ஆறும்போது, சுற்றிலும் ஆக்சிஜன் ஓடினால், விட்டதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அப்படி உள்ளே போகும் ஆக்சிஜன் அணுக்கள் செம்போடு சேர்ந்து சங்கிலி சங்கிலியாக உட்கார, சதுர அடித்தளம் கொண்ட படிகம் ஒரு பக்கம் லேசாக நீண்டு செவ்வகமாகிறது. சூத்திரத்தில் ஆக்சிஜன் ஏழுக்கு அருகில் இருந்தால் மீக்கடத்தி, ஆறுக்கு அருகில் போய்விட்டால் வெறும் கறுப்புக் கல். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, மெதுவாக ஆறவைக்கலாம் என்றால் நேரம்? நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 950-இலிருந்து 500-க்கு இறங்கவே ஏழரை மணி நேரம். அதன் பிறகு அந்தச் சூட்டிலேயே பல மணி நேரம் வைக்கவேண்டும். இளங்கலை மாணவர்கள் இரவில் தனியாக ஆய்வகத்தில் இருக்கக் கூடாது. அங்கிள் இரண்டு இரவுகள் எங்களோடு இருந்தார். மனைவி கட்டிக்கொடுத்த இட்லியை நான்காகப் பங்கு வைத்தார். அங்கிள் வீட்டு அம்மாவுக்கும் இந்த மடலில் ஓர் இடம் உண்டு.

ஐந்தாவது வில்லையில் காந்தம் மிதந்தது! ஆனால் அளவெடுப்பதற்குள் விடுமுறை வந்துவிட்டது. ஒரு சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனோம். நான்கு வாரம் கழித்து வந்து பார்த்தால் மேலே வெளுப்பாகப் பூத்திருந்தது. இந்தப் பொருளுக்கு ஈரம் ஆகாது. காற்றின் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து பேரியத்தைப் பிரித்து, மறுபடி கார்பனேட் ஆக்கிவிடும். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கேட்டார்: “அப்பளமே நமத்துப் போற ஊரு இது. இதைப் போய் வெளியிலயா வச்சீங்க?” மறுநாளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டர் (இறுக மூடும் பாத்திரம்) ஒன்றைக் கேட்டு வாங்கினோம். ஆறாவது வில்லை அதைவிட்டு வெளியே இருந்த நேரம் அளவெடுத்த நேரம் மட்டும்தான். அம்மா, நன்றி.

மின்னணுப் பட்டறையில் இருக்கும் சீனத் தாத்தா எங்களுக்குக் கம்பி ஒட்டக் கற்றுக்கொடுத்தார். வில்லையின் மேல் நான்கு மெல்லிய செம்புக் கம்பிகளை வெள்ளிப் பசையால் வரிசையாக ஒட்டவேண்டும். வெளி இரண்டில் மின்சாரம் போகும், உள் இரண்டில் மின்னழுத்தம் அளப்போம். அப்போதுதான் கம்பி ஒட்டிய இடத்தின் தடை கணக்கில் சேராது. பல்குத்தும் குச்சியின் நுனியில் பசையைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பார். என் கை நடுங்கும்போதெல்லாம் “பெலான் பெலான்” (மலாயில் ‘மெதுவாக, மெதுவாக’) என்பார். ஒவ்வொரு அளவையும் மின்னோட்டத்தின் திசையை மாற்றி இன்னொரு முறை எடுக்கச் சொன்னதும் அவர்தான். வெப்பநிலை வேறுபாட்டால் கம்பியிலேயே பிறக்கும் சிறு மின்னழுத்தம் அப்படித்தான் கழிந்தது.

எங்கள் மேசையை மட்டும் துடைக்காமல், சுற்றிலும் அவ்வளவு கவனமாகத் துடைத்துப்போன மக்சிக்குக்கும் (துப்புரவு வேலை செய்யும் மலாய் அத்தை), இதற்கு மீக்கடத்தி என்று தமிழில் அழகான சொல் இருக்கிறது என்று என் தொடக்கக் கல்லூரி நாட்களிலேயே சொல்லித்தந்த தமிழாசிரியருக்கும், சண்டை போட்டாலும் மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்துவிட்ட என் இரு தோழர்களுக்கும் நன்றி.

கடைசியாக, திரவ நைட்ரஜன் கொண்டுவரும் லாரி அண்ணன். மன்னார்குடிக்காரர். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு ஆகும், மூடிய இடத்தில் மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் போகும் என்று பாடத்தில் படித்திருந்தோம். அதை அவர் செய்து காட்டினார். லிஃப்டில் டிவார் குடுவை (திரவ நைட்ரஜன் வைக்கும் இரட்டைச் சுவர்க் குடுவை) தனியாகத்தான் போகவேண்டும். கீழே ஒருவர் ஏற்றிவிட, மேலே ஒருவர் இறக்கிக்கொள்ளவேண்டும், கூட ஆள் ஏறக் கூடாது. மூடியை இறுக்கக் கூடாது. கையுறை தொளதொளவென்று இருக்கவேண்டும், உள்ளே சிந்தினால் உதறிவிடலாம். முதலில் கொஞ்சமாக ஊற்றி, பாத்திரம் குளிர்ந்து கொதிப்பு அடங்கிய பிறகு மீதியை ஊற்றவேண்டும்.

ஆறாவது வில்லையை அளந்த வியாழக்கிழமை மாலை அவர் அங்கே இருந்தார். அறை வெப்பநிலையில் 120 மைக்ரோவோல்ட்டாக இருந்த அளவு குளிரக் குளிரச் சீராகக் குறைந்துகொண்டே வந்தது. 92 கெல்வினில் சட்டென்று சரிந்தது. 88-இல் மீட்டரின் இரைச்சலோடு, அதாவது எதுவும் இல்லாதபோதும் அது காட்டும் சிறு ஆட்டத்தோடு, கலந்துவிட்டது. திசையை மாற்றினோம், அப்போதும் அப்படியே. யாரும் பேசவில்லை. பிறகு கம்பிகளைக் கழற்றிவிட்டு, அவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, காந்தத்தை மிதக்கவிட்டுக் காட்டினோம். காந்தத்துக்கும் வில்லைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து எடுத்துப் பார்த்தார்.

“ஆறு வருசமா கொண்டாந்து எறக்குறேம்மா. எங்க ஊத்துறாங்கன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

அவர் அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளிடமிருந்து அன்றிரவே கேள்வி வந்தது: “அப்பா, அடியில யாரு புடிச்சிருக்கா?”

தங்கச்சி, பதிலை இங்கேயே எழுதுகிறேன். யாரும் பிடிக்கவில்லை. வில்லை குளிர்ந்து மீக்கடத்தி ஆனதும் அதன் மேற்பரப்பில் மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். அது காந்தப்புலத்தை வெளியே தள்ளும். 1933-இல் ஜெர்மனியில் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் இதைக் கண்டுபிடித்தார்கள். தள்ளுவது மட்டும் என்றால் காந்தம் பக்கவாட்டில் சறுக்கி விழுந்திருக்கும். வில்லைக்குள் சில இடங்களில் புலம் நூல் நூலாக மாட்டிக்கொள்கிறது. அந்த நூல்கள்தான் காந்தத்தை அதே இடத்தில் கட்டிவைக்கின்றன. காணொளியின் கடைசியில் நைட்ரஜன் வற்றி, காந்தம் மெல்ல இறங்கி உட்காருவதைப் பார்ப்பாய். அதன் பிறகு ஒரு முறை காந்தத்தை எடுத்துவிட்டு மறுபடி நைட்ரஜன் ஊற்றி மிதக்கவிட்டோம். அந்த முறை ஊற்றியது உன் அப்பா.

நன்றியுடன்,
இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி
சிங்கப்பூர்