அக்காவுக்கு ஒரு வாடகை வீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அக்காவுக்கு 58 வயது. மனச்சிதைவு நோய்க்காகச் சேர்த்த மருத்துவமனையில் 11 வருடம் இருந்தார். நாலாவது வருடமே வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னால் முடியவில்லை. இரண்டு அறை வீடு, படுத்த படுக்கையாக மாமியார், நான் வேலைக்குப் போனால்தான் சாப்பாடு. அந்த ஏழு வருடம் இன்னும் உறுத்துகிறது.

இப்போது இரண்டு வருடமாக, ஒரு தொண்டு நிறுவனம் பிடித்துத் தந்த வாடகை வீட்டில் மூன்று பெண்களோடு இருக்கிறார். கூடவே தங்கும் உதவியாளர் மாத்திரையை நினைவுபடுத்துவார், ஊசிக்கு அழைத்துப்போவார். மற்றதெல்லாம் அவர்களே. போன புதிதில், யாராவது வந்து திறந்துவிடுவார்கள் என்று அக்கா கதவு முன்னாலேயே நிற்பாராம். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. இன்று வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுகிறார். எங்கள் அம்மா மாதிரியே புளி தூக்கலாகக் குழம்பு வைக்கிறார்.

இது புதிய யோசனையும் அல்ல. சென்னையில் 1993-ல் தொடங்கிய தி பான்யன் அமைப்பு ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் இப்படி நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் குடிவைக்கிறது.

2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளுக்கான காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். கட்டிப்போடக் கூடாது என்று அன்று எல்லோரும் சொன்னோம். சரி, அப்புறம் எங்கே வைப்பது? 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 19-ம் பிரிவில் பதில் இருக்கிறது: குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. ஆனால் வீடு கொடுக்க ஆள் வேண்டுமே.

அக்கா இருக்கும் வீட்டுக்காரர் தைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர்கள் “ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள்” என்று தெருவில் யாரோ சொன்னார்களாம். இரண்டு வருடத்தில் ஒரு தகராறு இல்லை, வாடகை ஒரு மாதமும் தவறவில்லை. புரோக்கர் காட்டிய ஆறு வீட்டிலும் விஷயத்தைச் சொன்னதும் கைவிரித்துவிட்டார்கள். மறைத்துக் குடிபோக எங்களுக்கு மனமில்லை.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டும் குடியிருப்புகளில் தரைத்தள வீடுகள் சிலவற்றை அரசு இவர்களுக்கென ஒதுக்க வேண்டும். உதவியாளர் சம்பளத்தையும் ஏற்க வேண்டும்.

வாசகர்களிடமும் கேட்கிறேன். திருச்சியில் இரண்டு படுக்கையறை, கீழ்வீடு, பக்கத்தில் பஸ் வசதி. இருந்தால் இந்தப் பத்திரிகை மூலம் தெரிவியுங்கள். வாடகை 5-ம் தேதிக்குள் வந்துவிடும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருச்சி.