கொட்டகைக்குள் நீ போகாதே

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. புது வீட்டுப் படங்கள் பார்த்தோம். பின்னால் இருக்கும் மரக் கொட்டகையில் எலிப் புழுக்கை நிறைய கிடக்கிறது, சனிக்கிழமை கூட்டித் தள்ளப் போகிறேன் என்று சொன்னாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ இருக்கும் நியூ மெக்சிகோ பக்கம்தான் 1993இல் ஹன்டா வைரஸ் நுரையீரல் நோயை முதலில் கண்டுபிடித்தார்கள். திடகாத்திரமான இளவயதுக்காரர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அங்கே இதைச் சுமப்பது மான் எலி. வயிறு வெள்ளையாக, பார்க்க அழகாகவே இருக்கும். அதன் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து தூசியோடு கிளம்பும்போது மூச்சில் போனாலே போதும், கடிக்க வேண்டியதில்லை. அதனால்தான் துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் கூடாது என்கிறேன்.

நம்மூர் எலிக் காய்ச்சல் மாதிரி நினைத்துவிடாதே. அதற்கு டாக்சிசைக்ளின் இருக்கிறது, வேலையில் இருந்த காலத்தில் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறோம். இதற்கென்று தனி மருந்து கிடையாது. நுரையீரலைப் பிடித்துவிட்டால் பத்தில் நான்கு பேர் வரை பிழைப்பதில்லை. ஆனால் அபூர்வமான நோய்தான். 2022 முடிய அமெரிக்கா முழுக்க 864 பேருக்குத்தான் வந்திருக்கிறது.

கர்ப்பிணிகளைப் பற்றியும் தேடிப் படித்தேன். நோய் வந்த ஐந்து பேரைப் பற்றி அங்கே ஒரு ஆய்வு இருக்கிறது. ஒரு தாய் இறந்தார், இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போய்விட்டன. வைரஸ் குழந்தைக்குப் பரவியதற்குத் தடயம் இல்லையாம். ஐந்து பேரை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு நீ அந்தத் தூசியில் நிற்க வேண்டாம்.

மாப்பிள்ளை செய்யட்டும். கதவைத் திறந்துவைத்து அரைமணி நேரம் வெளியே இருக்க வேண்டும். அப்புறம் கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பேப்பரால் துடைத்தெடுக்கட்டும். சுவர் ஓட்டைகளை இரும்பு நாரால் அடைக்கச் சொல்.

இன்னொன்று. தூசி பட்டு ஒன்றிலிருந்து எட்டு வாரத்துக்குள் காய்ச்சல் வரலாம். கூடவே தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் வலிக்கும். மாசமாக இருப்பவளுக்கு இடுப்பு வலி சகஜம்தானே என்று டாக்டரே விட்டுவிடக்கூடும். காய்ச்சல் இருந்தால் எலி விஷயத்தை முதலில் சொல். இருமல் வரும்வரை காத்திருக்காதே.

அம்மாவிடம் இந்த விவரமெல்லாம் சொல்லவில்லை. போனில் கேட்டால் கொட்டகை பூட்டியிருக்கிறது என்று மட்டும் சொல்.

அப்பா