இறங்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

லண்டனிலிருந்து நம் குடும்பங்களை காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களுக்குப் பேருந்தில் கூட்டிச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை அப்படி ஒரு பேருந்தில் நானும் அங்குள்ள பைபரி கிராமத்துக்கு வந்திருந்தேன். "நாற்பது நிமிஷம் இருக்கு, போட்டோ எடுத்துட்டு வந்துருங்க." இறங்கும்போது எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்.

ஆர்லிங்டன் ரோ என்ற பழைய வீட்டு வரிசையில் ஒரு வீட்டின் முன் வயதான அம்மா ஒருவர் மளிகைப் பையோடு நின்றிருந்தார். அது அவர் வீடு. நம்மவர்கள் அவருடைய கதவில் சாய்ந்து, ஒருவர் மாற்றி ஒருவராகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார், அப்புறம் கீழே வைத்துவிட்டார். நான் போய்ச் சொன்னதும், "இதுல ஆளுங்க இருக்காங்களா?" என்று பதறிப் போய் விலகினார் ஒரு அண்ணன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யார் சொன்னார்கள்?

அந்த வரிசை 1380 வாக்கில் மடத்துக் கம்பளியைச் சேர்த்து வைக்கக் கட்டிய கிடங்கு. 17ஆம் நூற்றாண்டில் அதை நெசவாளர் குடியிருப்பாக மாற்றினார்கள். நெய்த துணியை எதிரே உள்ள புல்வெளியில் சட்டங்களில் விரித்துக் காயப்போடுவார்கள். அந்தப் புல்வெளிக்கு 'ரேக் ஐல்' என்ற பெயரே 'ரேக்' எனப்படும் அந்தச் சட்டங்களால் வந்ததுதான். இங்கிலாந்திலேயே அழகான கிராமம் என்று பைபரியைப் புகழ்ந்த 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மோரிஸ், தானே தறியில் உட்கார்ந்து நெய்தவர். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். இதில் ஒரு வரியாவது பேருந்தில் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்! இப்போது அந்த வரிசை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து, ஆனாலும் வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஊரில் மொத்தமே சுமார் 600 பேர்தான். ஒரு பேருந்தில் நாம் 50 பேர் போய் இறங்குகிறோம்.

இறங்கும் முன் சொல்லுங்கள். அதைத்தான் கேட்கிறேன்.

ஒரே நாளில் நான்கு ஊர் என்று விளம்பரம் செய்கிறீர்கள். இரவு படங்களைப் பார்த்தபோது எது எந்த ஊர் என்று என் மகளுக்குத் தெரியவில்லை. காசு கொடுத்து, விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வருபவர்களுக்கு நீங்கள் காட்டுவது வெறும் சுவர்கள்தானா? நம் மக்களுக்குக் கதை கேட்கப் பொறுமை இல்லை என்று யார் முடிவு செய்தது?

சரி, ஊர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது உங்கள் விருப்பம். ஆனால் தயவுசெய்து, அடுத்த முறை பேருந்தின் கதவு திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசுங்கள். இவை வீடுகள், வாசலை மறித்து நிற்காதீர்கள், தோட்டத்துக்குள் போகாதீர்கள் என்று தமிழிலேயே சொல்லுங்கள். முடிந்தால் பெரிய பேருந்துக்குப் பதிலாகச் சிறிய வேனில் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
அன்று உங்களோடு வந்த ஒரு பயணி