சைட்டேஷன் எத்தனை என்பது சரி, கண்டுபிடித்தது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் மூளை நரம்பியல் ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன், ஹெச் இன்டெக்ஸ் எவ்வளவு என்று கட்டம் கட்டிப் போட்டதும் சரி. ஆனால் அந்த மனிதர் மூளையில் எதைத்தான் பார்த்தார் என்று ஒரு வரி கூட இல்லை. இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது பிளஸ் டூ. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக தீசிஸ் டைப் அடித்து பைண்டிங் போட்டுக் கொடுப்பதால் இந்த சைட்டேஷன் சமாச்சாரம் கொஞ்சம் பழக்கம். பேப்பர் எழுதுகிறவர், இது இன்னார் சொன்னது, அது இன்னார் சொன்னது என்று கடைசியில் பட்டியல் போடுவாரே, அதில் உங்கள் பேப்பர் வந்தால் உங்களுக்கு ஒரு சைட்டேஷன். ஹெச் இன்டெக்ஸ் 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் கொண்டுவந்த கணக்கு. 20 என்றால், அவருடைய பேப்பர்களில் 20, ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை பிறர் பட்டியலில் வந்திருக்கிறது என்று அர்த்தம். எதற்காக வந்தது என்பது கணக்கில் இல்லை. பாராட்டி எழுதினாலும் ஒன்றுதான், தப்பு என்று எழுதினாலும் ஒன்றுதான். தன் பழைய பேப்பரைத் தானே சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. அப்படி ஏழெட்டு சேர்க்கச் சொல்லி ராத்திரி ஒன்பது மணிக்கு பென் டிரைவோடு வந்தவரை எனக்குத் தெரியும் (எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், பைண்டிங் பாக்கி இன்னும் வரவில்லை).

உலகத்திலேயே அதிக சைட்டேஷன் வாங்கிய பேப்பர் 1951-இல் லௌரி என்பவர் எழுதியது, 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர் மூளையின் ரசாயனத்தில் நிறைய வேலை பார்த்தவர்தான், ஆனால் அந்தப் பேப்பர் புரதத்தை அளக்க ஒரு வழி, அவ்வளவே. எல்லாக் கடையிலும் ஒரே கம்பெனி தராசு இருப்பது போல. இன்னொன்று, 2006-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது, அல்சைமர் மறதிக்கு ஒரு குறிப்பிட்ட புரதத் திரளைக் காரணம் காட்டியது. 2,000 தடவைக்கு மேல் எடுத்துப் போட்டார்கள். படங்களைத் திருத்திப் போட்டிருக்கிறார்கள் என்று 2022-இல் புகார் கிளம்பி, 2024-இல் அந்தப் பேப்பரையே திரும்பப் பெற்றார்கள். நம்பரே வேண்டாம் என்று சொல்லவில்லை, புரமோஷனுக்கு அது வேண்டியிருக்கிறது. நமக்கு அது எதற்கு?

எங்கள் தெருவில் ஒருவருக்கு, காசிமேட்டில் போட் வின்ச்சில் சிக்கி முழங்கைக்குக் கீழே கை போய்விட்டது. போன கையின் விரல்கள் ராத்திரியில் இறுகி, நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்பார். வீட்டில் யாரும் நம்பவில்லை. பைண்டிங்குக்குக் காத்திருந்த ஒரு மெடிக்கல் மாணவர் இதைக் கேட்டுவிட்டு, ஏ4 பேப்பர் வந்த அட்டைப்பெட்டியை மேலே திறந்து, முன்னால் இரண்டு ஓட்டை போட்டு, பக்கத்து சலூன் கண்ணாடியை நடுவில் நிறுத்தினார். நல்ல கையை ஒரு பக்கம் விட்டு, இல்லாத கை இருக்கும் இடத்தில் கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துக்கொண்டே விரலை விரிக்க வேண்டும். அண்ணன் ஐந்து நிமிஷம் பேசவே இல்லை, அப்புறம் "விடுதுப்பா" என்றார். எல்லாருக்கும் இது பலிக்காது என்று அந்த மாணவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். 1990-களில் இந்தப் பெட்டியைச் செய்து பார்த்தவர் வி.எஸ்.ராமச்சந்திரன் என்ற மூளை நரம்பியல் ஆராய்ச்சியாளர், எம்.பி.பி.எஸ். படித்தது இங்கே பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில். அவருக்கு சைட்டேஷன் எத்தனை என்று மாணவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதனால், நீங்கள் எழுதிய அந்த ஆராய்ச்சியாளரின் பேப்பரில் ஒன்றை எடுத்து, எங்கள் தெரு அண்ணனுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி நாலு வரி போடுங்கள். இடம் இல்லை என்றால் அந்தக் கட்டத்தில் ஹெச் இன்டெக்ஸை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
ராயபுரம், சென்னை - 13