மாத்திரையை நிறுத்தாதே, மாற்றித் தரச் சொல்லிக் கேள்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ அழுத அழுகையில் சொல்ல வந்ததெல்லாம் பாதியில் நின்றுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

30 வயதில் பிபி மாத்திரையா, ஒருதரம் ஆரம்பித்தால் விடவே முடியாதாமே என்றாய். யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். பிபி இருக்கிறவரை மாத்திரை வேண்டும், அவ்வளவுதான். எடையும் உப்பும் குறைந்து அளவு இறங்கினால் டாக்டரே குறைப்பார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்கிறாய். பெரும்பாலும் இருக்காதுதான். உன் பிபி 150/100 வருஷக்கணக்கில் அப்படியே நின்றால் இதயமும் சிறுநீரகமும் கெடும். இள வயதில் வந்தால் கெடுக்க அதற்கு வருஷம் அதிகம்.

இந்த வயதில் ஏன் வந்தது என்றும் தேட வேண்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், தைராய்டு, சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்தார்களா? சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தாலும் இளம்பெண்களுக்கு பிபி ஏறும். முதுகுவலிக்கு நீ போடும் டைக்ளோஃபெனாக்கும் ஏற்றும், அதை மறைக்காமல் சொல்.

இப்போது முக்கியமானது. சீட்டில் டெல்மிசார்டன் 40 என்று இருக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் நீயும் மாப்பிள்ளையும் அடுத்த வருஷம் குழந்தைக்குப் பார்க்கிறீர்கள் என்று டாக்டரிடம் சொன்னாயா? 'சார்டன்', 'பிரில்' என்று முடிகிற பிபி மாத்திரைகள் கர்ப்பத்துக்கு ஆகாது. வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீர் வற்றும். நான் கிராம செவிலியராக இருந்த காலத்தில் பிபி உள்ள மாசமான பெண்களின் பையில் பார்த்ததெல்லாம் லாபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபாதான். அப்படி ஒன்றுக்கு மாற்றி, அளவு கட்டுக்குள் வந்தபிறகு முயற்சி செய்யுங்கள். அதுவரை தள்ளிப்போடக் கர்ப்பத்தடை மாத்திரை போடுவதாக இருந்தால் அதையும் கேட்டுக்கொள், சிலவற்றால் பிபி ஏறும்.

இதைப் படித்துவிட்டு நீயாக டெல்மிசார்டனை நிறுத்திவிடாதே. டாக்டர் மாற்றித் தரும்வரை தினமும் போடு. நாள் தள்ளிப்போனால் மட்டும் காத்திருக்காதே, அன்றைக்கே கூப்பிட்டுக் கேள்.

அப்புறம், வீட்டு மிஷினில் பார்க்கிற லட்சணம் வீடியோ காலில் தெரிந்தது. சோபாவில் சம்மணம் போட்டு, ஒரு கையில் காபி. அப்படிப் பார்த்தால் யாருக்கும் ஏறும். காபி குடித்து அரைமணி கழித்து, நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட 5 நிமிஷம் சும்மா உட்கார். பட்டை சுற்றிய கை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பேசாதே, மாப்பிள்ளையையும் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று சொல். காலை மாலை இரண்டிரண்டு தடவை, ஒரு வாரம் எழுதி எடுத்துக்கொண்டு போ. வீட்டில் 135/85க்கு மேல் என்றாலே அதிகம்தான்.

நார்த்தங்காயும் வடாமும் இந்தத் தடவை கிடையாது. கறிவேப்பிலைப் பொடி மட்டும், பாதி உப்பில் அரைத்து அனுப்பியிருக்கிறேன். சப்பென்று இருக்கிறது என்று அப்பா முகத்தைச் சுளித்தார். எலுமிச்சை பிழிந்துகொள்.

சனிக்கிழமை டாக்டரைப் பார்த்ததும் புதுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

அம்மா