பணிப்பட்டியல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் மாதந்தோறும் செவிலியர் பணிப்பட்டியல் எழுதும் கண்காணிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டு செவிலியராக இருந்தேன். அதில் பத்தொன்பது ஆண்டு மனநல வார்டில். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், இனி என் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. ஆனாலும் அந்தப் பட்டியலைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. மனநல வார்டில் ஒருவர் தேறுவது மருத்துவர் எழுதும் சீட்டை நம்பி இருப்பது போலவே, அன்றிரவு அங்கே யாரை நிறுத்துகிறீர்கள் என்பதையும் நம்பி இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். இருபது வயதைத் தாண்டிய ஒரு பையன். மனநோயின் கொந்தளிப்பைத் தணிக்கும் ஹாலோபெரிடால் ஊசி போட்ட மறுநாள் இரவு அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே செருகின, வாய் கோணியது. அப்போது வார்டில் இருந்தவர் அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து அன்றுதான் மாற்றப்பட்டு வந்த செவிலியர். கெட்டிக்காரப் பெண். தையல் போட்ட காயத்தில் சீழ் பிடிக்கப்போவதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இந்தத் திருகலை அவர் பார்த்ததே இல்லை. "நடிக்கிறான், கண்டுகொள்ளாதீர்கள்" என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார். காலையில் நான் போகும்வரை பையன் அப்படியே கிடந்தான். மருத்துவரை அழைத்து, அந்தத் திருகலைத் தளர்த்தும் ப்ரோமெத்தசின் ஊசி போட்ட சிறிது நேரத்தில் கழுத்து நேரானது. ஹாலோபெரிடாலுக்கு இது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு. மனநல வார்டில் ஒரு மாதம் இருந்தவர்கூட அடையாளம் கண்டிருப்பார்.

அதற்குப் பிறகு அவன் மாத்திரை விழுங்கவில்லை. நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, நாங்கள் நகர்ந்ததும் துப்பினான். வாயைத் திறக்கச் சொல்லி அதட்டுவதால் பயனில்லை. எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டு, அவன் சொல்லும்வரை காத்திருந்தோம். மூன்று வாரம் ஆயிற்று. அந்தச் செவிலியர் மீது எனக்கு அன்றும் கோபமில்லை. அவரைத் தனியாக அங்கே நிறுத்திய பட்டியல் மீது உண்டு. இன்றும் அது தணியவில்லை.

மற்ற வார்டுகளில் நோயாளியின் நிலையைச் சொல்ல எத்தனையோ கருவிகள் உண்டு. எங்கள் வார்டில் பெரும்பாலும், நேற்று அவர் எப்படி இருந்தார் என்று தெரிந்த ஒரு மனிதர்தான் உண்டு. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் சாப்பிடுகிறவருக்குச் சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கு வந்தால், உடம்பில் நீர் வற்றி, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் கூடுவதுதான் பல நேரங்களில் முதல் எச்சரிக்கை. டீ டம்ளர் இன்று அதிகமாக ஆடுகிறது என்று சொல்வதற்கு, நேற்றும் அந்த டம்ளரைப் பார்த்தவர் வேண்டும். மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்குக் குளோசபின் சாப்பிடுகிறவருக்கு மலச்சிக்கல் சின்ன விஷயம் இல்லை, குடல் இயக்கம் நின்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதைத் தானாக வந்து சொல்லக் கூச்சப்படுவார். பழகிய முகம் கேட்டால் சொல்வார்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களை நினைத்துப் பாருங்கள். மனத்தின் இருட்டு விலகுவதற்கு முன்பே உடம்பில் தெம்பு திரும்பிவிடக்கூடும். சாக வேண்டும் என்று நினைத்தவருக்கு எழுந்து நடக்க வலு வரும் நாட்கள் அவை. பத்து நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெண் ஒரு மாலையில் தலை வாரி, தன் சோப்பையும் துண்டையும் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். புதிதாக வந்தவர் "நன்றாக இருக்கிறார்" என்று குறிப்பேட்டில் எழுதுவார். அந்தப் பத்து நாளும் அவளைப் பார்த்தவர் அன்றிரவு அந்தக் கட்டிலை விட்டு நகரமாட்டார்.

அப்படி உட்கார்ந்திருப்பது தூரத்திலிருந்து பார்த்தால் வேலையாகத் தெரியாது என்பதை அறிவேன். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வார்டு நிரம்பியதும் "அங்கே சிஸ்டர் சும்மாதானே இருக்கிறார்" என்று முதலில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த சிகிச்சையே அந்த உட்கார்தல்தான்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு நானும் ஓர் ஊழியரும் மட்டும் இருந்தோம். ஓர் அம்மா கதவைத் தட்டித் தட்டி, ஊருக்குப் போகவேண்டும் என்று அழுதார். யாரையும் அடிக்கவில்லை. கூட இருந்து பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் அடங்கியிருப்பார். அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை. துணியால் கட்டிலோடு கட்டினோம். விடிந்தபோது அவருடைய மணிக்கட்டுகள் சிவந்திருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை, தண்ணீர் கேட்டார்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அதன் 97ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் ஒப்புதலோடு மட்டுமே ஒருவரைக் கட்டலாம். தண்டனையாகக் கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டியும் கட்டக்கூடாது. இந்தக் கடைசி வரி உங்கள் பட்டியலுக்காகவே எழுதப்பட்டது என்று நான் நினைக்கிறேன். அன்று இரவு நான் செய்தது தவறு. அந்தத் தவறு பட்டியல் ஒட்டப்பட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான். மனநல வார்டுக்கு வருகிறவர் குறைந்தது இரண்டு ஆண்டாவது அங்கே இருக்கட்டும். மனநலச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயம் படித்துவிட்டு வேறு எங்கோ வேலை செய்கிறவர்கள் உங்களிடமே இருக்கலாம், அவர்களைத் தேடுங்கள். புதியவரை முதல் இரவே தனியாக விடாதீர்கள். ஒரு நோயாளியைக் கண் அகலாமல் பார்க்கச் சொல்லி மருத்துவர் எழுதியிருந்தால், அதற்கு ஓர் ஆள் முழுதாக வேண்டும், மற்ற முப்பது பேரையும் அவரே பார்க்க முடியாது. நோயாளியிடம் அடி வாங்கிய செவிலியரை மறுநாளே அதே வார்டுக்கு அனுப்புவதற்கு முன், உட்காரவைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த மாதப் பட்டியலை இருபதாம் தேதிக்கு மேல் எழுதத் தொடங்குவீர்கள். அதற்கு முன் இது உங்கள் கைக்கு வரவேண்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற மனநல வார்டு செவிலியர் ஒருவர்